பேராக் தமிழரும் அநுமதிச் சீட்டும்

விசா என்னும் சொல் இந்நாளில் படித்தார் படியாதார் யாவர் வாயிலும் பயிலும் சொல்லாகிவிட்டது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் முதல், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் 30 நாள் வரையில் விசா இன்றியே மலேசியாவில் வந்து தங்கலாமென நம் சர்க்கார் வழி திறந்தபோது, ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் சில வாரங்கள் வரை இதே பேச்சாயிருந்தது. திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. அத்தை மகனும் மாமன் மகளும் தீபாவளிக்கு வந்து போகலாம். அப்பேச்சின் நடுவே முதியவர் ஒருவர், "எங்க தாத்தா காலத்திலே எவன் விசா கேட்டான்? நாகப்பட்டணத்திலே கப்பல் ஏறினாங்க, பினாங்கிலே இறங்கினாங்க, அவ்வளவுதான்!" என்றார். கேட்டிருந்தோர் அனைவரும் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம். வீடு திரும்பிய பின்னரே அக்கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

விசா கேட்கவில்லை என்பது உண்மையே. கப்பலேறிய கரையும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்தது. இறங்கிய கரையும் அதன் கொடியின் கீழேயே இருந்தது. நம் பாட்டனார் பிரிட்டிஷ் பிரஜை. ஆகவே அவர் அந்நியரல்லர். ஆனால் பிரிட்டிஷ் பிரஜை என்ற அந்தப் பெயர் எல்லாக் கரையிலும் ஒரே விலைக்குப் போயிற்றா? 1914ஆம் ஆண்டில் 'கோமகாதா மாரு' என்னும் கப்பலில் 376 இந்தியர் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தனர். அவர்களும் அதே மன்னரின் பிரஜைகள். அங்கே ஏற்கெனவே குடியிருந்த சிலர் தவிர மற்றவரை இறங்கவிடாமல் ஏறத்தாழ இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்துப் பின்னர்த் திருப்பியனுப்பினர். அதே ஆண்டில் பினாங்கில் நம்மவர் கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்தனர். கனடாவுக்கு நம் கை வேண்டியிருக்கவில்லை. மலேயாவின் முதலாளிகட்கு வேண்டியிருந்தது. பிரஜா உரிமை பினாங்கில் நமக்குக் கதவைத் திறந்தது என்று எவரேனும் சொல்வாராயின், அதே உரிமை வான்கூவரில் எங்கே போயிற்று என்று நாம் கேட்கலாம்.

பேராக்கிற்கு நம் கை ஏன் வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் அறிவர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் பெரும்பாலும் சீனர் உழைப்பால் எடுக்கப்பட்டது. தமிழருடைய கதை முதலில் கரும்பில் தொடங்குகிறது. வடக்கே கிரியான் மாவட்டத்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கடந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே ஆள் கொண்டுவரப்பட்டனர். அடுத்து ரயில்பாதை, சாலை, காப்பி. கோலகங்சாரில் ரெசிடெண்டு ஹியூ லோ துரையின் தோட்டத்தில் 1877ஆம் ஆண்டளவில் சில ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றென்று சொல்லப்படும் மரம் இன்றும் அவ்வூரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. மோட்டார் வண்டி உலகில் பெருகவே, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறிற்று. தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ எனக் காடெல்லாம் தோட்டமாயின. பால்மரத்திற்கு நாள்தோறும் விடியுமுன் கத்தியெடுக்கும் கை வேண்டும். குறைந்த கூலிக்குப் பழகிய, ஊரில் நிலமற்ற, சாதியின் பேரால் அடக்கப்பட்ட கையாயிருந்தால் மிக நன்று என்று துரைமார் எண்ணினர்.

முதலில் வந்தது சஞ்சி. சஞ்சிக்கூலியாக வந்தவர் குறித்த ஆண்டுகட்கு உழைப்பதாகக் கைந்நாட்டிட்டார். அவ்வொப்பந்தத்தை மீறி வேலையை விட்டகன்றால் அது பணத்தகராறாகக் கொள்ளப்படவில்லை, குற்றமாகக் கொள்ளப்பட்டது, சிறை காத்திருந்தது. உள்ளே வர அநுமதி கேட்காத நாடு, தோட்டத்தை விட்டு வெளியே போக அநுமதி கேட்டது. அந்நாளில் விசா என்பது பினாங்குத் துறைமுகத்தில் இருக்கவில்லை, தோட்டத்து வாயிலில் இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது. 1910ஆம் ஆண்டில் மலேயாவுக்குச் சஞ்சி முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

அதற்குப் பதிலாக ஓங்கியது கங்காணி முறை. இதைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை இதன் வழியே வந்தவை. தோட்டத்து வேலையாள் ஒருவரைத் துரை தேர்ந்தெடுப்பார். மலேயாவின் தொழில் இலாகா அவர் பெயருக்கு ஒரு லைசென்ஸ் வழங்கும். எந்தத் தோட்டத்திற்கு, எத்தனை பேர் கொண்டுவரலாம் என்பது அதிற் குறித்திருக்கும். அதை மடியிற் கட்டிக்கொண்டு, புது வேட்டியும் கோட்டும் குடையுமாய்க் கங்காணி தம் சொந்த ஊருக்குப் போவார். திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களின் சேரிகளிலும் தெருக்களிலும் அவர் கோட்டைப் பார்த்தே மயங்கியவர் பலர். தேங்காயும் மாசியும் மரத்தடியிற் கிடைக்கும் என்ற கதைகளை நாமும் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பிறகு இதற்குச் சில கட்டுக்காவல் ஏற்பட்டன. புறப்படுவோருக்கு ஆட்சேபமில்லை என்று கிராமத் தலைவர் சான்று தரவேண்டும். பிறகு ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கவேண்டும். அங்கே மருத்துவர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், பெயர், ஊர், வயது, சாதி யாவும் பதிவாகும். கப்பற் கூலி தொழிலாளியின் கையிலிருந்து போகவில்லை. 1907ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி அமைத்த குடியேற்ற நிதியிலிருந்து அது கொடுக்கப்பட்டது. இலவசப் பிரயாணம் என்ற அந்தச் சொல் எத்தனை பேரைக் கப்பலேற்றிற்றோ! அழைத்து வந்தவருக்கோ, அழைத்து வந்த ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளைக்கும் தலைக்காசு கிடைத்தது. தம் ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகாமற் பார்த்துக்கொள்வதில் அவருக்கிருந்த அக்கறையின் ஊற்று அதுவே.

இம்முறையில் ஒன்றை நேயர்கள் உற்றுநோக்க வேண்டும். லைசென்ஸ் இருந்தது கங்காணியின் பெயரில். சான்று இருந்தது கங்காணியின் கையில். பதிவேடு இருந்தது முகாமில். தோட்டத்திலோ கிராணியாரின் செக்ரோலில் பெயரிருந்தது. அதுவும் எத்தனையோ முறை பிழையாக எழுதப்பட்ட பெயர். கடல் கடந்த மனிதனுக்கோ, தன் மடியில் வைத்துக்கொள்ளத் தன் பெயர் தாங்கிய தாள் ஒன்றும் இல்லாமலே ஆயுள் கழிந்தது. முதியவர் சொன்ன "அவ்வளவுதான்" என்பதன் பொருள் இதுதான்.

கப்பற் பிரயாணத்தைப் பற்றியும் சில சொல்வோம். 1926ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை அறியாத தமிழ் வீடு பேராக்கில் இல்லை எனலாம். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பிரயாணி என்றால் படுக்க அறையில்லாதவர்; பாய் விரித்த இடமே அவர் இடம். மேலே அறைகளில் வட்டிக்கடைச் செட்டியார்களும், யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர்களும், வெள்ளையரும் வந்தனர். கீழே ஒரே தளத்தில் பள்ளர், பறையர், வன்னியர், கள்ளர், கவுண்டர் அடுத்தடுத்துப் படுத்தனர். ஒரே அண்டாச் சோற்றை உண்டனர். ஒரே அலையில் வாந்தியெடுத்தனர். கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் சொல்லிற்று. கெட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் உடம்பையும் துணியையும் சோதித்தார்களே யன்றி, மூட்டையோடு வந்த சாதியைச் சோதித்து அதற்கு விசா இல்லையென்று திருப்பியனுப்பியவர் எவருமிலர். கங்காணி தம் ஊராரையும் உறவினரையுமே திரட்டி வந்தமையால் ஊர்ச்சாதி ஒழுங்கும் அவருடனே வந்திறங்கிற்று. பிறையில் ரயிலேறித் தோட்டம் சேர்ந்தபின், ஆதிதிராவிடர்க்கு ஒரு லயன், மற்றவர்க்கு ஒரு லயன் என்று பிரிந்த தோட்டங்கள் பல. முதலாளிக்கும் அது வசதியாகவே இருந்தது.

சாதியோடு வேறு பலவும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாரியம்மனும் முனியாண்டியும் வந்தனர். தப்பும் உடுக்கும் வந்தன. காமன் கூத்து, தெருக்கூத்து, தாலாட்டு, ஒப்பாரி யாவும் வந்தன. புந்தோங்கை அடுத்துக் கச்சாங் பூத்தே விற்று வாழும் குடும்பங்களில் பல எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவை. அவர்கள் கங்காணியின் லைசென்சில் அடங்காதவர்கள். கடலையும் பட்டாணியும் வறுக்கும் கைப்பக்குவத்தையே முதலாகக் கொண்டவர்கள். அப்பக்குவம் இன்று அவ்விடத்திற்கே பெயராகிவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று தொழிற் சட்டம் விதித்ததால் ஆயக்கொட்டகையை ஒட்டி ஒற்றையறைத் தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ பகலில் வாத்தியாரானார். அப்பள்ளி மோசமானதுதான், ஆயினும் நாம் இக்கட்டுரையைத் தமிழில் எழுதுவதும் நேயர்கள் வாசிப்பதும் அவ்வொற்றையறையின் புண்ணியம். (புண்ணியம் என்ற சொல்லை நாம் இதற்கொன்றே வழங்குவோம்.)

1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ. இராமசாமி அவர்கள் மலேயா வந்து ஈப்போவில் நிகழ்ந்த தமிழர் மாநாட்டிற் பேசினார். அவரை நாட்டில் இறங்க விடலாகாதென்று வைதிகர் சிலர் சர்க்காருக்கு முறையிட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். நம் சமூகத்துள்ளேயே ஒருவர்க்கு அநுமதி மறுக்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது அப்போதுதான் போலும்! இறங்கினார், பேசினார். சாதி ஒழிப்பு, கள் ஒழிப்பு, பெண் கல்வி, சிக்கனத் திருமணம் என்று அவர் பேசியவை, கூலி வாங்கிய மாலையே கள்ளுக்கடையில் கூலியைத் திருப்பிக் கொடுத்த ஒரு மக்கட்கு நேரே பொருந்தின. அக்கூட்டங்களுக்குப் பின் பேராக்கின் பல தோட்டங்களிலும் சீர்திருத்த எண்ணம் கால்கொண்டது.

அவர் வந்து சென்ற அடுத்த ஆண்டே வந்தது பெரும் பஞ்சம். உலகெங்கும் வாணிகம் சரிந்தது. ரப்பர் விலை அடிமட்டத்திற்குப் போயிற்று. அழைத்து வந்த அதே குடியேற்ற நிதி, இப்போது திருப்பியனுப்பப் பயன்பட்டது. 1930 தொடங்கிச் சில ஆண்டுகளில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலவசமாகத் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். வேலை இருந்தால் வா, இல்லையேல் போ; இரண்டுக்கும் கப்பற் கூலி எம்முடையது என்ற ஏற்பாடு துரைமாருக்கு எவ்வளவு மலிவு! திரும்பியவர்க்கு ஊரில் நிலமுமில்லை, வேலையுமில்லை. விலை ஏறியபோது பலர் மீண்டும் வந்தனர்.

1938ஆம் ஆண்டில் மலேயாத் தோட்டங்களில் ஆண் கூலி நாளொன்றுக்கு 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது. இந்திய சர்க்கார் மறுத்துப் பேசிப் பயனின்றி, அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் முதல் உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்பாளர் மலேயாவுக்குப் புறப்படுவதைத் தடை செய்தது. ஐந்து காசு! கங்காணி முறையின் கழுத்து அதில் நெரிந்தது. மறியற் கதவு முதன்முதலாகத் தாய்நாட்டுக் கரையில் மூடப்பட்டது என்பதையும், நம்மவரின் கூலியை முன்னிட்டு அது மூடப்பட்டது என்பதையும் நாம் நன்றியோடு நினைக்கலாம். ஆனால் இடையில் அறுந்துபோன குடும்பங்கள் அதை நன்றியோடு நினைத்திரா.

பிறகு ஜப்பானியர் வந்தனர். சயாம்-பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போயினர். பல்லாயிரவர் திரும்பவில்லை. யார் போனார், யார் மாண்டார் என்பதற்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் இன்றுவரை இல்லை; தாளில் இல்லாதவனுக்குச் சாவும் தாளில் இல்லை.

இனிச் சுங்கை சிப்புட்டுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலையில், அவ்வூரை அடுத்த எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதையொட்டி நாடெங்கும் அவசரகாலச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் ஒரு கிளையாகப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படத்துடனும் பெருவிரல் ரேகையுடனும் கூடிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டுமென்ற கட்டளை வந்தது. பேராக் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவரிற் பெரும்பாலோர் தம் முகத்தைப் படத்திற் கண்டதே அப்போதுதான். தம் பெயரும் தம் முகமும் தாங்கித் தம் கையிலேயே இருக்கும் முதல் தாள் அவர்க்குக் கிடைத்தது. கிடைத்தது அவர் நலங் கருதியன்று, அவரைப் போலீசார் இனங்கண்டு கொள்வதற்கு. அட்டையில்லாமற் சாலைக்குப் போனால் போலீசு பிடித்தது. அட்டையோடு போனால் காட்டிலிருந்து வந்தோர் சில வேளை அதைப் பிடுங்கிக் கிழித்தனர். அரிசி பங்கீடு, ஊரடங்கு, முள்வேலி, இவற்றுக்கிடையே பெண்கள் அவ்வட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து பால் வெட்டப் போயினர். அக்காலத்தில், மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. கூலி கேட்ட குரலும் அட்டை கேட்ட குரலும் ஒரே ஆண்டுகளில் எழுந்தவை.

அட்டை வந்தது, குடியுரிமை வரவில்லை. இரண்டும் ஒன்றே என்று நம்மவர் பலர் எண்ணியதுதான் பின்னர் நேர்ந்த இடர்ப்பாட்டின் வேர். 1948 பிப்ரவரியில் அமைந்த மலாயாக் கூட்டரசில் குடியுரிமை பெற நீண்ட கால வாசமும், மலாய் அல்லது ஆங்கிலப் பயிற்சியும் வேண்டப்பட்டன. தோட்டத்து ஒற்றையறைப் பள்ளியிற் படித்தவனுக்கு இரண்டும் எட்டாதவை. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் தொழிற்றிறனும் உயர்ந்த சம்பளமும் உடையோர்க்கே பெரும்பாலும் கதவைத் திறந்துவைத்தது. முதியவர் சொன்ன 'விசா கேளாத காலம்' முடிந்த ஆண்டு அதுவே. 1957இல் விடுதலை வந்தபோது, நாட்டிற் பிறந்தோர் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மொழித்தேர்வு இல்லையென்ற சலுகை அளிக்கப்பட்டது. பயன்படுத்தினோர் பலர்; பயன்படுத்தாதோரும் பலர். மனுக் கொடுக்கப் பட்டணம் போனால் ஒரு நாட் கூலி போகும். படமெடுக்கச் செலவு. பிறந்ததற்குச் சான்று கேட்டால், பிறப்பித்த மருத்துவச்சி மாண்டு பல்லாண்டாயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, "அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவோம்" என்ற நினைவு. அந்த அடுத்த வருஷம் முப்பது ஆண்டாய் வராமலே இருந்தது. நேருவோ, வெளிநாட்டில் வாழும் இந்தியர் வாழும் நாட்டுக்கே உரியவராகுக என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சொல் பட்டணத்துப் பத்திரிகை வாசித்தவர்க்கு எட்டிற்று, லயனுக்கு எட்டவில்லை. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழரைக் குடியுரிமைக்குப் பதியச் சொல்லி ஊரூராக முழங்கியதைப் போன்ற பணி, பேராக்கின் உட்தோட்டங்களில் போதுமான அளவு நிகழவில்லை என்றே நாம் கருதுகிறோம்; இதில் நம் தலைவர்களைக் குறை கூறாதிருக்க இயலவில்லை.

ஒப்பு நோக்கின் இலங்கையில் நேர்ந்தது இதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு சர்க்கார்கள் மனிதரைப் பங்கு போட்டன. இங்கே அப்படியொரு பங்கீடு நிகழவில்லை. இங்கே நிகழ்ந்தது சிறுகச் சிறுக.

1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்திற்குப் பின், குடியுரிமையற்றோர் வேலை செய்ய அநுமதிச் சீட்டு வேண்டுமென்ற சட்டம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அட்டைக்காரர் தாம் முப்பது ஆண்டு பால் வெட்டிய அதே மரத்தை வெட்ட அநுமதி கேட்டு வரிசையில் நின்றனர். சீட்டு கிடையாதோரும், கிடைக்குமோ என்று அஞ்சினோருமாகப் பல்லாயிரவர் கப்பலேறினர். அறுபது வயதுக் கிழவர், தாம் மறந்துபோன ஊருக்கு. இங்கே பிறந்த அவர் மகன், தான் காணாத ஊருக்கு. 'ரஜூலா' 1973இல் ஓய்வு பெற்றது. பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதனோடு நம் கடற்பிரயாணமும் முடிந்தது.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கத் தொடங்கினார். அவர் லயன் லயனாகப் போய்ப் பேசினார் என்று முதியோர் இன்றும் சொல்வர். அந்தப் பங்குச் சீட்டு, போலீசுக்குக் காட்ட வேண்டாத, தன் பெயரில் உள்ள முதல் தாள் என்பதால் பலர் அதைச் சாமிப்படத்தின் பின்னே செருகி வைத்திருந்தனர்.

நிற்க. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. லயன்கள் இடிந்தபோது, அவற்றிலிருந்த செக்ரோலும் பிறப்புக் குறிப்பும் பள்ளிப் பதிவேடும் உடன் அழிந்தன. வீட்டிற் பிறந்து, நாட்கூலி போகுமென்று பதியாமல் விட்ட பிள்ளைகட்குப் 'பிறப்புச் சூரா' இல்லை. 1982 மார்ச் முதல் திருமணத்தைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் வந்த பின்னும் கோயிலில் தாலி கட்டினால் போதுமென்றிருந்தோர் உண்டு. அவர்தம் பிள்ளை சட்டப்படி தாயின் நிலையையே தொடரும். தாய்க்குத் தாளில்லையேல் பிள்ளைக்கும் இல்லை. பிள்ளைக்கில்லையேல் பேரனுக்கும் பள்ளியில் இடர். 2011இல் 'மைடாப்தார்' என்ற பெயரில் இத்தகையோரைப் பதிய ஓர் இயக்கம் நடந்தது. 2018இல் அறுபது வயது கடந்த சிவப்பு அட்டைக்காரர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு மொழித்தேர்வின்றிக் குடியுரிமை அளிக்கப்போவதாகச் சர்க்கார் அறிவித்தது. இவை நற்செயல்களே. ஆயினும் விடுபட்டோர் இருக்கின்றனர். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமாயினும் பதிவுத் தாள் இல்லாத திருமணம் கூடாது என்று நம் இயக்கத்தார் இனி ஒவ்வொரு மேடையிலும் பேசுவது நன்று.

முன்பு நம்மவர் வாழ்ந்த லயன்களில் இன்று சில இடங்களில் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் வாழ்கின்றனர். அவர்களைக் கொண்டு வருபவர் கங்காணி என்று அழைக்கப்படுவதில்லை. ஏஜெண்டு என்று அழைக்கப்படுகிறார். கடவுச்சீட்டு அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. பிறர் அதைப் பறித்துவைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் எத்தனை பேர் கையில் அது இருக்கிறது என்று சந்தைக்கு வருவோரைக் கேட்டுப் பார்த்தால், நம் பாட்டனார் வரலாற்றின் பழைய ஏடுகள் மீண்டும் புரள்வதைக் காணலாம். நம்மவருள் சிலரே அவர்களை இழிவாகப் பேசுவது நம் காதில் விழும்போது நமக்கு வெட்கமாயிருக்கிறது.

சில காலத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில், தோட்டத்திற் பிறந்து வளர்ந்து மூன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒரு மூதாட்டியாருக்கு மனு எழுதித் தர நாம் உடன் சென்றிருந்தோம். மடியில் ஒரு பிஸ்கட்டுத் தகரப் பெட்டி. அதில் சிவப்பு அட்டை, கணவரின் இறப்புச் சான்று, கூட்டுறவுப் பங்குச் சீட்டு, மஞ்சளாகிப்போன தைப்பூசப் புகைப்படம் ஒன்று. மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் நல்லவர், பொறுமையாகவே கேட்டார். தாளில் ஒரு கட்டம் நிரம்பாமல் நின்றது. தந்தையார் இந்நாட்டுக்குள் வந்தது எந்தக் கப்பலில், எந்த ஆண்டில், அதற்கு என்ன சான்று என்பது அக்கட்டம். நாம் தமிழிற் சொன்னோம். மூதாட்டியார் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் எங்க கங்காணிக்குத் தெரியும்பா" என்றார்.